எலிக்கு எதற்கு அனுமதி என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவ இணைப்பில், "நாலு எலியை வைத்துச் சோதிக்கக்கூட மாதக்கணக்கில் கமிட்டி வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது" என்ற வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பார்மசி கல்லூரி ஒன்றின் அனிமல் ஹவுஸில் எலிகளையும் முயல்களையும் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன் நான். விலங்குச் சோதனைக்கு எதிக்ஸ் கமிட்டி தரவேண்டிய அனுமதி ஏன் தாமதமாகும் என்று எனக்குத் தெரியும். எத்தனை எலி, ஏன் அத்தனை என்று கேட்கிற இடத்தைக் காலியாக விட்டே விண்ணப்பம் போடுவார்கள். அது திரும்பி வரும். பழி கமிட்டி மேல்.

ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடி, அதன் பலனாக 1960இல் வந்தது மிருகவதைத் தடுப்புச் சட்டம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. சோதனையே கூடாது என்று அது சொல்லவில்லை. தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும், சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடாமல் இருக்கவும், வலி தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கவும்தான் சொல்கிறது. இதில் எது ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறது?

எங்கள் கல்லூரியில் ஒரு மே மாதம் ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கருத்தரங்கக் கூடத்துக்கு உண்டு, எலிகளுக்குக் கிடையாது. 29 டிகிரியைத் தாண்டக் கூடாத அறை காலையில் அனலாய்க் கொதித்தது. கூண்டில் பரப்பியிருந்த உமியெல்லாம் ஈரம். அமோனியா நெடியில் கண் எரிந்தது. பிழைத்திருந்த எலிகளின் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்திருந்தது. பார்ப்பவர்கள் ரத்தம் என்றே நினைப்பார்கள். ரத்தமல்ல, அவதி தாங்காத எலிக்குக் கண்ணின் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வருவது அது. அன்றைக்கும் அதே எலிகளை வாலைப் பிடித்துத் தூக்கி, சர்க்கரை அளவு எடுத்து ஆய்வேட்டில் ஏற்றினார்கள். பயந்த எலிக்குச் சர்க்கரை ஏறும், இந்தக் கணக்கு உதவாது என்றேன். "உன் வேலையைப் பார்" என்று பதில் வந்தது. விலங்கைச் சரியாக வைக்காதவரின் முடிவை நம்பி நாளைக்கு யாருக்கு மருந்து கொடுப்பது?

கோவேக்சின் வந்தபோதும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் 20 ரீசஸ் குரங்குகளை வைத்து அதைச் சோதித்தார்களே, அவற்றுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. அப்போது நான் எழுதிய கடிதத்துக்கும் இடம் கிடைக்கவில்லை. சரி, பக்க நெருக்கடி என்று விட்டுவிட்டேன். 2023இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கு இல்லாமல் மனிதச் செல்களை வைத்துச் சோதிக்கவும் வழி செய்தார்கள். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இனி விலங்குச் சோதனை பற்றிய செய்தி போடும்போதெல்லாம் எத்தனை விலங்குகள், எதிக்ஸ் கமிட்டி அனுமதி இருந்ததா என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர், மதுரை