புழு கொடுத்த சிவப்பு

வூச், போலந்து
ஜூன் மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அங்கு எல்லாரும் நலம்தானே? இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போவதில்லை. கிடங்கு வேலை முதுகை ஒடித்தாலும் சம்பளம் தேதி தவறுவதில்லை. இது 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். பழைய ஆலை ஒன்றை ஜவுளி அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்தால் அங்கிருந்து கிளப்பவே முடியாது.

போலிஷ் மொழி வகுப்புக்குப் போகிறேன். வாயில் நுழையாத மொழி. ஆனால் ஒரு சொல்லை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும். சிவப்புக்கு இங்கே 'செர்வோனி', ஜூன் மாதத்துக்கு 'செர்வியெட்ஸ்'. இரண்டுக்கும் வேர் 'செர்வ்', அதாவது புழு!

மணல் காட்டில் வளரும் ஒரு சின்னச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சி அது. மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், மிளகைவிடச் சின்னது. ஜூன் கடைசியில், புனித யோவான் திருநாளையொட்டி, செடியைப் பிடுங்கிப் பூச்சியை உதிர்த்துக்கொண்டு செடியை மறுபடி நட்டுவிடுவார்களாம். பிறகு வெந்நீரிலோ வினிகரிலோ போட்டுக் கொன்று, வெயிலில் காயவைத்தால் சிவப்புச் சாயம் தயார். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் வேண்டுமோ! பூச்சியின் பெயரும் 'செர்வியெட்ஸ்'தான். மாதத்தின் பெயர் தேனீப் புழுவிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ சாயப் பூச்சிதான் பொருத்தமாகப் படுகிறது.

ஐரோப்பா முழுக்க விற்ற சரக்கு. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் சப்பாத்திக்கள்ளிப் பூச்சியை ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்தார்கள். அதில் சாயம் அதிகம். அப்புறம் இந்த வியாபாரம் படுத்துவிட்டது.

இன்னொன்று கேளுங்கள். 'செர்வ்', சமஸ்கிருத 'க்ருமி', பாரசீக 'கிர்ம்' மூன்றும் ஒரே ஆதி வேரிலிருந்து பிரிந்தவை. க்ருமிதான் நம் வாயில் கிருமி ஆனது. உங்கள் சாயப் பட்டறையில் அடர்சிவப்பைக் கிரிம்சன் என்கிறீர்களே, அந்தச் சொல்லும் கிர்ம் வழியாக வந்ததுதான்.

பூச்சிச் சாயம் படிகாரம் போட்டால் கம்பளியிலும் பட்டிலும் நன்றாகப் பிடிக்கும், பருத்தியில் அவ்வளவாக ஏறாது என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பதிலில் எழுதுங்கள்.

பணம் அனுப்பியிருக்கிறேன். சித்தியிடம் மூட்டுவலி மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கதிர்