பெரிய ஜீப்புகளின் பிரேக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியார் கார், ஜீப் வைத்திருப்பவர்கள் வருடாவருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் காட்டி வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறார்கள். சைலன்சர் குழாயில் கருவியை வைத்துப் புகையை அளக்கிறார்கள். பிரேக் பிடிக்கிறதா, முன் சில்லைத் தாங்கும் போல் ஜொயின்ற் தேய்ந்திருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் பதினைந்து, இருபது வயதுப் பெரிய ஜீப்புகளையே குடும்பங்கள் திருத்தித் திருத்தி ஓட்டின, இன்னும் ஓட்டுகின்றன. பாடசாலை விடுமுறை வந்தால் ஏழு பேரும் கூரையில் மூட்டைகளுமாக இவை நுவரெலியாவுக்கு ஏறும். பயம் ஏறும்போது இல்லை. 1,868 மீற்றர் உயரத்திலிருந்து இரண்டரை தொன்னுக்கு மேற்பட்ட பாரம் றம்பொடை வளைவுகளில் இறங்கும்போது, அந்தச் சக்தியின் பெரும்பகுதியை பிரேக் தட்டுகள்தான் வெப்பமாக வாங்கிக்கொள்கின்றன. இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்கும். ஓட்டோமற்றிக் கியரை 'டி'யில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே கால் வைத்திருப்பவர்களே அதிகம்.

கராஜுக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் "பிரேக் பிடிக்கேல்ல" என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிறது. உண்மையில் அதற்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கின்றன. மிதி வழமைபோல் உறுதியாக இருந்து, கருகிய வாடையோடு வாகனம் நில்லாமல் போனால், தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. மிதி பஞ்சுபோல அமிழ்ந்து அடிவரை போனால், ஒயில் கசிகிறது அல்லது கொதித்துவிட்டது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். 'டொட் 3' என்ற தரத்துப் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீத நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. கொழும்பின் ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் அதே ஒயிலை வைத்திருக்கக் கூடாது. மட்டம் குறைந்தால் ஊற்றிவிடுவது மாற்றுவதாகாது.

மூன்றாவது வகையைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். மிதி கல்லாகிவிடும், இரு காலாலும் மிதித்தாலும் இறங்காது. காலின் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர் சாதாரண வெற்றிட வகை என்றால் சோதனை எளிது: எஞ்சினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, மிதியை அழுத்தியபடி ஸ்டார்ட் செய்தால் கால் சற்றே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையும் அதன் குழாயையும் பாருங்கள். பெரிய ஜீப்புகள் சிலவற்றில் அதற்குப் பதிலாக மின்மோட்டாரில் ஓடும் பம்ப் ஒன்று, அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யூமுலேட்டரை நிரப்புகிறது. சாவியைத் திருப்பியதும் பொனற்றுக்குள் கேட்கும் "ர்ர்ர்" என்ற சத்தம் அதுதான். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் மோட்டார் ஓடினால் அக்யூமுலேட்டரின் வாயு போய்விட்டது. மிதியைத் தொடாமலே இடையிடையே ஓடினால் உள்ளே கசிவு. எச்சரிக்கை விளக்கும் பஸரும் வந்த பிறகு மிஞ்சியிருப்பது சில மிதிகளுக்கான அழுத்தம் மட்டுமே. அந்த நிலையில் அடுத்த சந்திவரை ஓட்டிப் பார்க்காமல் ஓரமாக நிறுத்துங்கள். இந்த வகையில் ஒயில் மட்டத்தைப் பார்ப்பதென்றால், சாவியை அணைத்து, நாற்பது தடவையாவது மிதித்து அழுத்தத்தை இறக்கிய பின்பே பார்க்க வேண்டும். புதிய பாகத்தின் விலைக்குப் பயந்து, பஞ்சிகாவத்தையில் வயது தெரியாத பழைய யூனிற்றை வாங்கிப் பூட்டுவது, கெட்டதைக் கழற்றிக் கெடப்போவதைப் பூட்டுவதுதான்.

போல் ஜொயின்றுக்கும் ஒரு வார்த்தை. றப்பர் உறை கிழிந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். குழியில் "டொக்" என்று சத்தம் வரும். பிறகு ஒருநாள் முன் சில்லு உள்ளே மடியும். சில்லைத் தாங்கும் கீழ்க் கையை (லோவர் ஆர்ம்) ஜாக்கில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரியும்.

எயார்பேக் விடயம் இதைவிடக் கவலையானது. டகாட்டா நிறுவனம் செய்த, பையை ஊதும் இன்ஃபிளேட்டர்களில் அம்மோனியம் நைத்திரேற்று இருந்தது. நீண்ட வருடங்கள் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் அது சிதைந்து, விரியும் நொடியில் உலோகக் கூடே வெடித்துச் துண்டுகளாக முகத்துக்குப் பறக்கும். உலகளவில் கோடிக்கணக்கானவை மாற்றிக் கொடுப்பதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஆபத்து மிகுந்ததாகச் சொல்லப்பட்டது எங்களைப் போன்ற சூடான, ஈரமான இடங்கள்தான். ஜப்பானில் பாவித்து இங்கே வந்த ஜீப்பின் உரிமையாளருக்கு அந்த அழைப்புக் கடிதம் வீடு தேடி வராது. சேசிஸ் இலக்கத்தை, இடையிலுள்ள சிறு கோட்டையும் (-) விடாமல், உற்பத்தியாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் இட்டுத் தேட வேண்டும்.

முறைப்பாடு செய்பவர்கள் வேகம், கியர், ஏற்றமா இறக்கமா, எத்தனை பேர் இருந்தார்கள், எந்த விளக்கு எரிந்தது, மிதி எப்படி இருந்தது என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். ஸ்கானர் பூட்டியதும் அது காட்டும் கோளாறுக் குறியீட்டைப் படம் எடுங்கள். முதலிலேயே அந்தக் குறியீட்டை அழித்துவிட்டால், கோளாறு நடந்த நொடியின் வேகம், எஞ்சின் சுற்று, வெப்பம் எல்லாம் சேர்ந்து அழியும். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, பற்றுச்சீட்டோடு ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இப்படி எழுதியதைக் கொடுக்க ஓர் இடம் வேண்டுமே! அமெரிக்காவில் உரிமையாளர்களின் முறைப்பாடுகளை அரச பாதுகாப்பு நிறுவனம் ஒரே இடத்தில் சேர்க்கிறது. ஒரே மொடலில் ஒரே கோளாறு பலரிடமிருந்து வந்தால் விசாரணை தொடங்கலாம். இங்கே அதே கோளாறு பத்துக் கராஜில் பத்துத் தனிக் கதையாக முடிகிறது. ஒவ்வொரு வாகனத்தின் சேசிஸ் இலக்கமும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் வேளையில் அதை உற்பத்தியாளர்களின் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பத்திரத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம். பாதுகாப்பு முறைப்பாட்டுக்கென மும்மொழியிலும் ஒரு படிவத்தைத் திணைக்களமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் சேர்ந்து வெளியிட வேண்டும். பத்து வயது தாண்டிய ஏழிருக்கை வாகனங்களுக்கு, புகைப் பரிசோதனை நடக்கும் அதே இடத்தில் சில்லுகளை உருளைகளில் சுழலவிட்டு பிரேக்கை அளக்கும் றோலர் சோதனையையும் கட்டாயமாக்குங்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன் கொழும்பு மாவட்டத்திலாவது தொடங்குங்கள்.

வாகனத் தொழினுட்பவியலாளர்கள் சிலர்,
கொழும்பு 06.