லூசி லாய்டும் உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியும்

ரைலண்ட்ஸ், கேப் டவுன்
ஆடி வெள்ளி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். கொஞ்ச நாளைக்குக் குனிந்து எதையும் தூக்க விடாதே. இங்கே மழையும் குளிரும் விடுவதாக இல்லை. டர்பனில் ஜூலையிலும் மாடியில் வெயில் காயலாம், இங்கே துவைத்த துணி காய்வதே பெரும்பாடு. இருந்தும் தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். பேத்தி தன் பள்ளித் தோழிகளையும் கூட்டி வந்திருந்தாள். பிள்ளைகள் சொம்பு சொம்பாக வாங்கிக் குடித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பாடும் தாலாட்டுகளையும் அம்மன் பாட்டுகளையும் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர், முனிசிபாலிட்டி வேலைக்காரர்களின் அந்த லைன் வீடுகளில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர், அறுபதுகளில் அங்கிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டவர். அப்படி ஒருவர் வாயிலிருந்து வருவதை எழுதுகிறாய் என்றதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஆனால் அடுத்த வரியில், கொச்சையை எல்லாம் திருத்தி, நடுவில் வரும் ஜூலுச் சொற்களை எடுத்துவிட்டு, நல்ல தமிழாக்கிக் கோயில் மலரில் போடப் போகிறேன் என்கிறாய். அது மட்டும் வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாளாக நான், இந்தத் தென்னாப்பிரிக்காவில் சான் என்ற ஆதிகுடி மக்களின் கதைகளைக் கேட்டபடியே எழுதி வைத்த லூசி லாய்ட் என்ற பெண்ணைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அவரைத் தெரிந்திருக்காது, டர்பனில் வாழ்ந்தவர் என்றாலும். 1834இல் இங்கிலாந்தில் பிறந்தார். எட்டு வயதில் தாய் போய்விட்டார். தந்தை ஆங்கிலிகன் சபைப் பாதிரியார். 1849இல் குடும்பத்தோடு நேட்டாலுக்கு, அதாவது உங்கள் டர்பன் இருக்கும் பகுதிக்கு வந்து, பிற்பாடு டர்பனின் ஆர்ச்டீக்கன் என்ற பெரிய பாதிரியார் ஆனார். ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கூலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் வந்து சேர்ந்தபோது, லூசியின் குடும்பம் நேட்டாலில் பத்து வருடம் தாண்டியிருந்தது. தந்தையோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. நிச்சயமான திருமணமும் நடக்கவில்லை. 1862இல் தங்கை ஜெமிமா, வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய அறிஞரை மணந்து கேப் டவுனுக்கு வந்தார். லூசியும் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். மௌபிரேயில் இருந்தது அந்த வீடு. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

பிளீக் பெரிய படிப்பாளி. பான் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஜூலு இலக்கணம் எழுதுவதற்காக பிஷப் கொலென்சோவுடன் 1855இல் நேட்டாலுக்கு வந்தவர், பின்னர் இங்குள்ள கிரே நூலகத்தின் காப்பாளர். ஜூலுவும் அடங்கிய ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்துக்கு ‘பாண்டு மொழிகள்’ என்ற பெயரை மொழியியலில் நிலைநிறுத்தியவரும் அவரே. புத்தகங்களில் அவர் பெயர்தான் முதலில் வரும். லூசியோ கல்லூரி வாசலை மிதிக்காதவர். படித்ததெல்லாம் வீட்டில்.

1870இல், இந்த ஊர்த் துறைமுகத்தில் அலைதாங்கிச் சுவர் கட்டும் வேலைக்கு வைத்திருந்த கைதிகளில் சான் மக்கள் 28 பேர் இருப்பது பிளீக்குக்குத் தெரிய வந்தது. வடக்கே வறண்ட பூமியில் வாழ்ந்தவர்கள். வேட்டையாடிய நிலத்தைக் குடியேறிகள் பிடுங்கிக்கொண்டார்கள், பசிக்கு ஆடு மாடு பிடித்தால் ஜெயில். அந்தப் பிரேக்வாட்டர் ஜெயில் கட்டடம் இன்றும் இருக்கிறது, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி அதில் நடக்கிறது. அடுத்த முறை நீ வரும்போது கூட்டிப் போகிறேன். அவர்கள் பேசிய ஹாம் மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் பலவகை. பேரை எழுதினால் முதலெழுத்துக்கு முன்னால் ஒரு சொடுக்கு நிற்கும். நம் எழுத்தில் அதைக் காட்ட முடியாது, அதனால் சொடுக்கை விட்டுவிட்டே எழுதுகிறேன். கவர்னரிடம் அனுமதி வாங்கிச் சிலரைப் பிளீக் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். முதலில் வந்தவர் அகுந்தா என்ற இளைஞர். 1871 பிப்ரவரியில் கப்போ என்ற முதியவர் வந்தார்.

வந்தவர்களுக்கும் பிளீக் வீட்டாருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பொருளைக் காட்டிப் பேர் கேட்பது, படப் புத்தகத்தைக் காட்டிக் கேட்பது, மியூசியத்துக்குக் கூட்டிப் போய் மிருகங்களின் பேரைக் கேட்பது என்றுதான் தொடங்கினார்கள். பிளீக்கின் நாட்டம் இலக்கணத்திலும் அகராதியிலும். கதை கேட்பதில் லூசிக்கு இருந்த பொறுமை வேறு யாருக்கும் வராது. நோட்டில் ஒரு பத்தியில் அவர்கள் மொழி, பக்கத்துப் பத்தியில் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் குறிப்புக்காகக் காலி. சொல்கிறவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் திரும்பத் திரும்பவே எழுதினார். கதை நடுவில் நின்று வேறு எங்கோ போனால் அங்கேயும் கூடவே போனார். தேதி, சொன்னவர் பேர், அவர் யாரிடம் கேட்டது, அம்மாவிடமா, தாத்தாவிடமா, எல்லாம் உண்டு. அப்புறம் அந்தக் கதைகளில் மிருகங்கள் பேசும்போது உச்சரிப்பே மாறிவிடுமாம். ஆமை பேசினால் சொடுக்கொலிகள் உதட்டொலிகளாக மாறும். நீலக் கொக்குக்கு வேறு விதம். திருத்தி எழுதுகிறவர் கையில் இதெல்லாம் முதல் நாளே போயிருக்கும். பாட்டியின் ‘பிழை’களைப் பார்க்கும்போது உனக்கு அந்த ஆமை நினைவுக்கு வரட்டும்.

கப்போவின் தண்டனைக் காலம் அந்த வருடமே முடிந்தது. கதை சொல்வதற்காக 1873 அக்டோபர் வரை தங்கினார். ஊருக்குப் போக வேண்டும், தன் ஆட்களோடு உட்கார்ந்து தூரத்திலிருந்து வரும் கதைகளைக் கேட்க வேண்டும் என்று அவர் ஏங்கியதையும் லூசி அப்படியே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு எஸ்டேட் லைன்களில் ஐந்து வருட ஒப்பந்தம் முடியக் காத்திருந்த நம் ஜனங்களின் நினைவு வந்து நெஞ்சை அடைத்தது. தங்கள் கதைகள் புத்தகமாகி உலகுக்குத் தெரியப் போகின்றன என்பதில் கப்போவுக்கு மகிழ்ச்சி என்றும் லூசி குறித்திருக்கிறார். ஆனால் புத்தகத்தைக் காண அவர் இல்லை, 1876 ஜனவரியில் இறந்துவிட்டார். ஒன்றை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இந்த நோட்டுகள் ஒரு ஜெயிலில் தொடங்கின. நாட்டைப் பறிகொடுத்தவர்கள் சொல்ல, பறித்தவர்களின் பக்கத்தில் பிறந்தவர்கள் எழுதினார்கள். லூசியை நான் எவ்வளவு மதித்தாலும் இந்த உண்மை சின்னதாகிவிடாது.

1875 ஆகஸ்டில் பிளீக் இறந்தார், வயது 48. வேலையை லூசி தொடர வேண்டும் என்று உயிலிலேயே எழுதி வைத்திருந்தார். நூலகத்தில் அவர் பார்த்த வேலையை லூசிக்குக் கொடுத்தார்கள், பாதிச் சம்பளத்தில்! அதே வேலை, பாதிச் சம்பளம். 1880இல் அதையும் பறித்து ஓர் ஆணுக்குக் கொடுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டும் பயனில்லை. இத்தனைக்கும் நடுவில் ஹன்கஸோ என்பவரிடம் இரண்டு வருடம் உட்கார்ந்து கதை எழுதினார். வடக்கே வெகு தூரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குங் என்ற வேறொரு சான் கூட்டத்துச் சிறுவர்கள் நால்வரை வீட்டில் வைத்து வளர்த்தார். அவர்கள் மொழி முற்றிலும் வேறு, அதையும் அடியிலிருந்து கற்றார். அந்தப் பிள்ளைகள் வரைந்த படங்கள்கூடப் பத்திரமாக இருக்கின்றன. 1889இல் அவர் கேப் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு பல வருடம் ஐரோப்பாவில், உடல்நலமும் பணமும் இல்லாமல், பதிப்பாளர் கிடைக்காமல். கடைசியில் 1911இல் லண்டனில் புத்தகம் வந்தது, மூல மொழி ஒரு பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கமாக. பிளீக் இறந்து 36 வருடம் ஆகியிருந்தது. அட்டையில் அவர் பேரை முதலில் போட்டு, தன் பேரை அடுத்துதான் போட்டார். நோட்டுகளில் பெரும்பகுதி லூசியின் கையெழுத்து என்பதைப் படித்த பிறகு எனக்கு அந்த வரிசை ஏற்கவில்லை.

1913இல், நம் ஆட்கள், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்துக் கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த அதே வருடம், கேப் ஆஃப் குட் ஹோப் பல்கலைக்கழகம் லூசிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இந்த நாட்டில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று மௌபிரேயில் காலமானார். மிச்ச வேலையைத் தங்கை மகள் டோரதியா எடுத்துக்கொண்டார். அவர் தொகுத்த அகராதி, அவரும் போன பிறகு, 1956இல்தான் அச்சானது.

ஹாம் மொழியை இன்று பேச யாரும் இல்லை. சுமார் 12,000 பக்கம் நோட்டுகள் இருக்கின்றன. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2000இல் நாட்டுக்குப் புதுச் சின்னம் செய்தபோது வாசகத்தை அந்த மொழியில்தான் எழுதினார்கள். 2021 ஏப்ரலில் மலையிலிருந்து தீ இறங்கிப் பல்கலைக்கழக நூலகம் எரிந்ததே, நினைவிருக்கிறதா? அன்று எங்கள் வீட்டு வாசலிலும் சாம்பல் விழுந்தது. எவ்வளவோ புத்தகங்கள் போயின. அந்த நோட்டுகள் தப்பின.

நம் தமிழுக்கு என்ன குறை, கோடிக்கணக்கில் பேசுகிறார்களே என்று நீ கேட்பாய். தமிழுக்குக் குறையில்லை. பாட்டி பேசும் தமிழுக்குத்தான் ஆள் இல்லை. கப்பலில் வந்த பல மாவட்டத்துப் பேச்சு ஒரே லைனில் கலந்து, தெலுங்கோடும் போஜ்புரியோடும் ஜூலுவோடும் பழகி நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்த பேச்சு அது. சென்னையிலோ மதுரையிலோ போய்த் தேடினால் கிடைக்குமா? பாட்டியின் பிள்ளைகளே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். நீயும் நானும் சனிக்கிழமை வகுப்பில் சொல்லிக்கொடுத்தது பாடப்புத்தகத் தமிழ். அது அவசியம்தான், ஆனால் பாட்டியின் பேச்சை அதைக்கொண்டு அளக்காதே.

அதனால் இப்படிச் செய். முதலில் அவரிடமும் அவர் பிள்ளைகளிடமும் சம்மதம் கேள், பேரைப் போடலாமா என்றும் கேட்டுக்கொள். கைபேசியில் பதிவு செய். பிறகு கேட்டதைக் கேட்டபடி எழுது, இழுவை, ஜூலுச் சொல், பாதியில் விட்ட அடி உட்பட. பாட்டை மட்டும் கேட்காதே. பாரக்ஸில் எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய், கூத்துக்கு யார் வேஷம் கட்டினார்கள், தீட்டுக்கும் பிரசவத்துக்கும் என்ன செய்தார்கள், எல்லாம் பேசட்டும். யாரிடமிருந்து கற்றார் என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகக் குறித்துவை. கோயில் மலருக்குத் திருத்திய வடிவம் வேண்டுமென்றால் அது தனி நோட்டில் இருக்கட்டும், ஆனால் மூலத்தை அழிக்காதே. முதல் பதிவு முடிந்ததும் எனக்கு அனுப்பு. எழுத்தில் இறக்குவதில் பாதி வேலை என்னுடையது. இங்கே குளிரில் வேறென்ன செய்யப் போகிறேன்!

டிசம்பர் லீவுக்குப் பேத்தியோடு டர்பன் வருவதாக இருக்கிறேன். டிக்கெட் விலை பார்த்துவிட்டுத் தேதி சொல்கிறேன். அதற்குள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலிருந்து காரமான மசாலாத்தூள் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்து அனுப்பு, இங்கே கிடைப்பதில் ருசியே இல்லை. அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி