எந்த ஊர் மண் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலத்தில் சமூகத் தோட்டங்களில் வேலை செய்வோர், அதிலும் நீரிழிவு உள்ளவர்கள், கையுறையும் பூட்சும் அணியவேண்டும் என்பது தெரிந்த அறிவுரை. மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி ஈர மண்ணில் இருக்கும். சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். காய்ச்சல் வந்தபின் எந்த ஊர் மண்ணில் கை வைத்தோம் என்று மருத்துவரிடம் சொல்வதும் அதே அளவு முக்கியம்.

காரணம் கிருமியின் மரபணுவில் இருக்கிறது. இது மண்ணிலேயே பிழைக்கக்கூடியது. மனித உடல் அதற்கு வந்து வாய்த்த இடம். மற்ற கிருமிகளிடமிருந்து மரபணுத் துண்டுகளை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். 2004ல் முதன்முறை முழு மரபணு வரிசை வெளியானபோது, அப்படி வந்து ஒட்டிய ‘தீவுகள்’ மட்டும் 16 தென்பட்டன. ஒரு பிடி மண்ணிலேயே பல வகைகள் கிடைக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பலிக்காது.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தைப் பாருங்கள். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு இந்தக் கிருமி பொதுவாக அசையாது. அதனால்தான் மற்ற கிருமிகளை அடக்கி இதை மட்டும் வளர்க்க, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் ஆஷ்டவுன் தட்டில் அந்த மருந்தைக் கலக்கிறார்கள். ஆனால் மத்திய சரவாக்கில் உள்ள பெரும்பாலான வகைகளில், மருந்தை வெளியே தள்ளும் ‘பம்ப்’ ஒரே எழுத்து மாற்றத்தால் பழுதாகிவிட்டது. அதனால் மருந்து உள்ளேயே தங்கி, அவை ஆஷ்டவுன் தட்டில் வளராமல் போகலாம். கிருமி இல்லை என்று முடிவு வரும், நோய் உள்ளே இருக்கும். மத்திய சரவாக்கில் உள்ள சிபு நகருக்குப் போய்வந்தவர் என்றால், மருத்துவர் பரிசோதனைச் சீட்டில் ‘மெலியோய்டோசிஸ் சந்தேகம், சிபு பயணம்’ என்று எழுதினால், ஆய்வகம் ஜென்டாமைசின் இல்லாத தட்டிலும் வைத்து, சில நாள் கூடுதலாகக் காத்திருக்கும். இரத்தத்தோடு சிறுநீர், தொண்டைச் சளி, சீழ் இருந்தால் அதையும் அனுப்பவேண்டும். ஒருமுறை கிடைக்காவிட்டால் திரும்ப எடுப்பதே முறை.



சிகிச்சையிலும் மரபணு குறுக்கிடும். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசிவழி, பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். சரியான மருந்திலும் காய்ச்சல் இறங்க ஒன்பது நாள் போல ஆகும், அதற்குள் பதறவேண்டாம். இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினால்தான் கவலை. மருந்தைச் சிதைக்கும் பெனிசிலினேஸ் என்ற நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே செஃப்டாசிடிம் பலிக்காமல் போகலாம். அப்போது பழைய அறிக்கையை நம்பாமல், புதிதாக மாதிரி எடுத்து எந்த மருந்து கேட்கிறது என்று மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் துறை வாசகர்,
ஈசூன்