தேரடியில் நின்ற ஹெரால்ட்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பேறித்தனம் இல்லை, சத்தியமாக. கையில் எந்நேரமும் கருப்பு ஆயில். பேனாவைத் தொட்டால் காகிதம் பாழ். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

முதலில் உன் பியட். காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் நெடி அடிக்கிறது என்று எழுதியிருந்தாய். கார்புரேட்டரைக் கழற்றணும் என்று எவனாவது வந்து நிற்பான், விடாதே. முதலில் பெட்ரோல் வருகிற ரப்பர் ஹோஸை விரலால் நசுக்கிப் பார். நமுத்துப்போன அப்பளம் மாதிரி இருந்தால் அதுதான் காரணம். பங்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்த கசடையும் கிளப்பிவிடும். ஃபில்டர் அடைத்தாலும் ஆச்சரியப்படாதே. எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கு, மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

அடுத்தது பெட்ரோல் பம்ப் டயப்ரம், உள்ளே இருக்கிற சவ்வு. அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் ஒழுகாது, இன்ஜினுக்குள்ளும் இறங்கும். ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார். பெட்ரோல் வாடை வந்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ ஸ்டார்ட் பண்ணிவிடாதே. ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, பம்ப் கிட் மாற்றிவிட்டு அப்புறம் சாவியைத் தொடு.

உனக்கு என்னடா கவலை? பம்பாய் டாக்ஸிக்காரர்கள் 2023 அக்டோபர் வரைக்கும் பத்மினியை, அதாவது பெயர் மாறிய பியட்டை, ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புண்ணியத்தில் பியட்டுக்கு இன்னும் எங்காவது ஒரு மூலையில் சாமான் கிடைக்கிறது. என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு யார் இருக்கிறார்கள்? வண்டலூரில் செய்த வண்டி, சொந்த ஊர்க்காரப் பெண் மாதிரி. கம்பெனி கடைசியில் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டுப் பார்த்தது. மேலே ரோவர் உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு இன்ஜின். 1988-ல் அதுவும் நின்றது. அதோடு சாமானும் நின்றது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பிரதோஷத்தன்று வீட்டில் அவளையும் பேத்தியையும் உட்காரவைத்துக்கொண்டு பாடலீசுவரர் கோயிலுக்குப் போனேன். திரும்பும்போது தேரடி கிட்ட வண்டியைத் திருப்பினேன். ஹெரால்டின் திருப்பம் உனக்குத் தெரியும், 25 அடியில் வட்டம் அடித்துவிடும், ஆட்டோக்காரனே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். வேகம் என்று பார்த்தால் நடக்கிற ஆள்கூட முந்திப் போயிருப்பான். ‘டொக்’ என்று ஒரு சத்தம். வண்டி முன்பக்கம் இடது பக்கமாகக் குந்திக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம், கால் மடங்கிப் படுத்த ஆட்டுக்குட்டி மாதிரி மடர்கார்டுக்குள் சாய்ந்து கிடக்கிறது.

கூட்டத்துக்குக் கேட்கணுமா? “தேரடியில தேரு நின்னுபோச்சு” என்றான் ஒருத்தன். பூக்கடைப் பெரியவர் விடவில்லை: “அப்பரு கல்லைக் கட்டினு கரையேறுன ஊருப்பா இது, இந்த வண்டி ஏறாதா?” அவள் அர்ச்சனைத் தட்டோடு பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

பைபாஸில் 70-ல் போகும்போது இது ஒடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒடிந்தது எது தெரியுமா? முன் சக்கரத்தைத் தாங்குகிற நெட்டுக்குத்தான இரும்புத் தண்டின் அடிப்பகுதி. அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். டிரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழலும். இதற்குக் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விடணும். அப்பாவின் மேனுவலில் தெளிவாகப் போட்டிருக்கிறது. அப்பா பென்சிலால் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார். நான் என்ன செய்தேன்? 30 வருஷமாகக் கிரீஸ் கன்னை வைத்து ‘சர்க் சர்க்’ என்று அடித்தேன். அடித்துவிட்டுத் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

கிரீஸ் அடி மரை வரைக்கும் போய்ச் சேராது. நாளாக ஆக மெழுகு மாதிரி இறுகிவிடும். கீழே ஈரம் தங்கும், மரையில் துரு பிடிக்கும், இறுக்கம் கூடும், ஒருநாள் விரிசல். கடல்காற்று ஊர் வேறு. போதாததற்கு ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்ததே, அப்போது என் ஷெட்டில் ஹப் மூழ்கத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பிரேக்கைக் கழற்றினேன், பேரிங்கைக் கழற்றினேன். இதைத் தொடவே இல்லை. ஒடிந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வட்டத்தில் பாதிக்குமேல் பழைய துரு, காப்பிப்பொடி நிறம். மீதிதான் அன்றைக்கு ஒடிந்த வெள்ளை. எத்தனை மாதமாக அந்த வெள்ளைத் துண்டை நம்பி ஊரைச் சுற்றினேனோ.

சாமான் வேட்டையைக் கேள். சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் அம்பாசிடர் கிங்பின்னை எடுத்து நீட்டினான். இரண்டாவது கடையில், “ஹெரால்டா, அதெல்லாம் பழைய இரும்பா நசுங்கி பிஸ்கட்டாச்சே சார்.” மூன்றாவது கடைக்காரர் நம் வயசு. ஹெரால்ட் என்றதும் முகம் மலர்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் பழைய கதை பேசினார். சாமான் இல்லை. புதுச்சேரியில் மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் விடவில்லை. கதவுக் கைப்பிடி ஒன்று கிடைத்தது, அதுவும் எந்த வண்டியுடையதோ. பேரம் பேசி வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்காதே.

கடைசியில் முதலியார்பேட்டையில் ஒரு லேத். மில்லில் ஃபிட்டராக இருந்தவர், மில் மூடியபிறகு வீட்டு வாசலிலேயே லேத் போட்டிருக்கிறார். ஒடிந்த தண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். “வெல்டு வைக்கலாமா அண்ணே?” என்று நான் கேட்டதும், தண்டைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டார். “வெண்கலம் எவ்ளோ வேணா கடைஞ்சு தரேன். இத நான் செய்ய மாட்டேன். இது ஃபோர்ஜிங், காய்ச்சி அடிச்ச இரும்பு. இதுல வெல்டு வச்சு ஓட்டுனீங்கன்னா, அடுத்தவாட்டி என்னைத் தேடி வரமாட்டீங்க.”

அங்கேதான் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். இதே அமைப்புதான் இங்கிலாந்து டிரையம்ஃப் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர் காருக்கும். லோட்டஸ் எலான்கூட இதே டிரையம்ஃப் சாமானைத்தான் முன் சக்கரத்தில் போட்டிருக்கிறது. பந்தயக்கார வண்டிக்கும் நம் கோயில் வண்டிக்கும் ஒரே கால்! அதனால் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மகன் மூலமாக இரண்டு தண்டு வரவழைத்தேன். விலையோடு கூலி, வரி எல்லாம் சேர்த்துப் பார்த்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளிடம் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது உளறிவிடாதே.

பழைய வெண்கலக் கட்டைகளைப் புதுத் தண்டில் ஏற்றிப் பார்த்தோம். வலது பக்கத்தது நன்றாக இருந்தது. இடது கட்டை லொடலொடவென்று ஆடியது. அதை மட்டும் கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் புதிதாகக் கடைந்தார் லேத் அண்ணன். இடது பக்கத்துக்கு இடது மரை, வலது பக்கத்துக்கு வலது மரை, எதிரும் புதிருமாக. இது தெரியாமல் நான் கட்டையை மாற்றி ஏற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே என் கையிலிருந்து வாங்கி, எதிர்த்திசையில் இரண்டு சுற்று சுற்றினார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடைசல் கூலியாக அவர் கேட்டதைச் சொன்னால் உனக்கே வெட்கமாக இருக்கும். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

மாட்டும் வேலையை நானே செய்தேன். ஹெரால்டில் அந்த ஒரு சுகம் உண்டு. பானெட்டை மடர்கார்டோடு சேர்த்து முன்னால் கவிழ்த்துவிட்டு, டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முதுகு பிடிக்காது. கட்டையிலிருக்கும் பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, கன்னில் கிரீஸுக்குப் பதில் 90 ஆயிலை நிரப்பி, மேலே கசியும்வரை அடித்தேன். கன்னிலிருந்து பாதி ஆயில் முழங்கை வழியாக வேட்டிக்கு வந்துவிட்டது. இப்போது ஸ்டியரிங் சுண்டுவிரலில் திரும்புகிறது. 30 வருஷம் கிரீஸில் இறுகிக் கிடந்ததைத்தான் ‘பழைய வண்டின்னா கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வி.ஏ. நம்பர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 50 வருஷம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 2021-ல் கொண்டுவந்த விதி. கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். ரிப்பேருக்குப் போகலாம் என்றால் என் வண்டிக்கு அதுதானே அன்றாடம்! இருந்தாலும் நான் வாங்கப் போவதில்லை. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகாத வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உன் ஆர்.சி. காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள், அது போதும்.

பொங்கலுக்கு முன்னால் வருவதாகச் சொன்னாய். பியட்டிலேயே வா, ஹோஸை மாற்றிவிட்டு. ஒடிந்த தண்டை ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறேன், வந்தால் பார். வரும்போது உன் பரணில் அந்த நீல டிரங்குப் பெட்டியில் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்று கிடந்ததே, 80-களில் நாம் திருச்சியில் வாங்கியது, அதை எடுத்து வா. இல்லை என்று சொல்லாதே, இருக்கிறது.

உன்,
செல்வம்