ஜெயிக்காத கோச் ஒருத்தர் கதை

மாப்ள,

லெட்டர் கிடைச்சுது. இங்க எல்லாரும் சௌக்கியம், பெரியவ பிளஸ் டூ முடிச்சிட்டா, எனக்குத்தான் படி ஏறினா முழங்கால் கடகடங்குது, எல்லாம் அந்த சிமென்ட் கோர்ட்ல ஆடுனதுக்கு வட்டி. ஜோனல்ஸ் போட்டியில உன் ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம் முதல் ரவுண்ட்லயே வெளிய போனதுக்கு கரஸ்பாண்டன்ட் ரூமுக்குக் கூப்பிட்டு ஏறு ஏறுன்னு ஏறினார்னு எழுதியிருந்த. அதப் படிச்சதும் எனக்கு ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஞாபகம்தான் வந்துச்சு.

பாஸ்கெட்பால கண்டுபிடிச்சவர்னு பரீட்சையில எழுதியிருப்ப, ஆனா ஆள் கோச்சா எப்படி இருந்தார்னு தெரியுமா? 1898ல அமெரிக்காவுல இருக்குற கன்சாஸ் யுனிவர்சிட்டிக்கு வந்து 1907 வரைக்கும் டீம பாத்துக்கிட்டார், 55 ஜெயிச்சார், 60 தோத்தார். அந்த யுனிவர்சிட்டி டீமோட வரலாற்றுலயே ஜெயிச்சத விட தோத்தது அதிகம்னு இருக்குற ஒரே கோச் ஆட்டத்த கண்டுபிடிச்சவர்தான்! இத உங்க கரஸ்பாண்டன்ட் காதுல போட்டுடாத, ரெண்டு பேருக்கும் சேத்து மெமோ குடுத்துருவார்.

கனடாக்காரர், 1861ல பொறந்தார், ஒன்பது வயசுலயே டைபாய்டுல அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க, ஸ்கூல பாதியில விட்டுட்டு மரம் வெட்டப் போய், திரும்பி வந்து படிச்சு, மெக்கில் யுனிவர்சிட்டில டிகிரி, அப்புறம் இறையியல், அப்புறம் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ ட்ரெய்னிங் ஸ்கூல். (நீ படிச்ச நந்தனம் காலேஜ 1920ல ஆரம்பிச்ச ஹாரி பக்கும் அங்க படிச்சவர்தானே.) 1891 குளிர்காலத்துல ஒரு அடங்காத கிளாஸ இவர் தலையில கட்டி, உள்ளுக்குள்ள ஆடுற மாதிரி ஒரு ஆட்டம் ரெண்டு வாரத்துல வேணும்னுட்டார் அங்க இவருக்கு மேல இருந்த குலிக். இவர் யோசிச்ச விதம்தான் அழகு மாப்ள. பந்த வச்சுக்கிட்டு ஓடுனாத்தான இடிச்சுத் தள்ளுவான், அதனால ஓடக்கூடாது. கோல் நேருக்கு நேரா நின்னா வேகமா அடிப்பான், அதனால தலைக்கு மேல, வாய் மேல் பக்கமா வச்சா மெதுவா தூக்கித்தான் போட்டாகணும். பெட்டி கேட்டதுக்கு கட்டடத்தப் பாத்துக்குறவர் பீச் பழக்கூடைதான் இருக்குன்னாராம், அத பால்கனி கைப்பிடியில ஆணி அடிச்சு மாட்டினாங்க, அது பத்தடி உயரம். நீ இன்னைக்கும் ரிம்முக்கு டேப் புடிச்சு அளக்குறியே அதே பத்தடி!

அவர்கிட்ட ஆடுன ஃபாக் ஆலன் கோச்சிங் வேலைக்குக் கிளம்புனப்ப, இதெல்லாம் கோச் பண்ற ஆட்டமில்லப்பா, சும்மா ஆடுறதுன்னு நெய்ஸ்மித் சொன்னாராம். இதுல நான் ஆலன் பக்கம்தான், அவர் கன்சாஸ்ல 590 மேட்ச் ஜெயிச்சுக் காட்டிட்டார். கிழவர் நெய்ஸ்மித்துக்கு ஸ்கோர்போர்டு மேல பெருசா ஆசையே இல்ல, டாக்டருக்குப் படிச்ச ஆள், பசங்க உடம்பு எப்படி இருக்கு, நடத்தை எப்படி இருக்குன்னுதான் பாத்துக்கிட்டிருந்தார், சேப்பல் பொறுப்பு வேற.

ஆனா கன்சாஸ்ல படிச்ச ஜான் மெக்லெண்டன் விஷயத்துல கிழவருக்கு ஒரு சல்யூட் போடணும். 1930கள்ல கறுப்பினப் பையன்னு டீம்லயே சேக்காத காலம், அவன் நீச்சல் குளத்துல இறங்கினதுக்கு குளத்துத் தண்ணியவே வடிச்சு விட்டுட்டாங்கன்னா பாத்துக்க. நெய்ஸ்மித் அவனுக்கு அட்வைசரா இருந்து, தனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிக் குடுத்து, உடற்கல்வி டிகிரி முடிக்க வச்சார். அந்தப் பையன்தான் பின்னாடி டென்னசி ஏ அண்ட் ஐ காலேஜுக்கு கோச்சாப் போயி 1957, 58, 59னு வரிசையா மூணு தடவ தேசிய சாம்பியன்ஷிப் அடிச்சார். அந்த 55-60 கணக்குல இத எங்க மாப்ள எழுதுறது?

1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல மொத தடவையா பாஸ்கெட்பால் மெடலுக்கு ஆடுனப்ப கிழவர் நேர்ல இருந்தார். ஃபைனல் மழையில, மண் கோர்ட்டு சேறாகி பந்து எழும்பவே இல்ல, அமெரிக்கா 19, கனடா 8. மூணு வருஷத்துல போய்ச் சேந்துட்டார்.

சரி, அந்த எட்டாங்கிளாஸ் பையன் வெறுங்கால்ல ஆடுறான்னு எழுதியிருந்தியே, கால் அளவு அனுப்பு, தம்பி அடுத்த வாரம் திருச்சி வர்றான், அவன்கிட்ட ஷூ குடுத்து விடுறேன். தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு.

உன்
குமார்