தம்பிக்குக் குருத்தணு அளித்த நாள்களில் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இரத்தப் புற்றுநோய்க்காக என் தம்பிக்கு வேலூரில் ஸ்டெம் செல் (இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணு) மாற்று சிகிச்சை நடந்தது. என்னிடமிருந்து பெற்ற குருத்தணுக்கள் அவன் எலும்பு மஜ்ஜையில் நிலைகொண்டுவிட்டன என்று மருத்துவர்கள் உறுதிசெய்துள்ளனர். அவனுக்குச் சிகிச்சை அளித்தவர்களுக்கு அவனே உடல் தேறி எழுதுவான்; கொடையாளியான எனக்கு ஊசி போடப்பட்ட நாள்களில் வேளை தவறாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி கூறுவது என் கடமை.

குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரச்செய்ய, ஃபில்கிராஸ்டிம் என்னும் வளர்ச்சிக் காரணி மருந்தைக் கொடையாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் நாள்தோறும் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். என் எடை 60 கிலோ. ஆகவே நாளொன்றுக்கு 300 மைக்ரோகிராம் குப்பிகள் இரண்டு. சில மணி நேரத்திலேயே இம்மருந்தின் பெரும்பகுதி இரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், மறுநாள் ஊசியும் அதே வேளையில் போடப்பட வேண்டும். குருத்தணுக்கள் இரத்தத்தில் மிகுவது பெரும்பாலும் 5ஆம் நாளில் என்பதால், அவற்றைப் பிரித்தெடுப்பதும் அன்றுதான். அதற்குள் தம்பிக்கு, அவனுடைய மஜ்ஜையை அழிக்கும் கீமோதெரபி தொடங்கியிருந்தது. என் பக்கம் ஊசி தடைப்பட்டால், அவனுடைய பழைய மஜ்ஜையும் இன்றி, புதிய அணுக்களும் இன்றி அவன் நிற்க நேரும்.

இதைப் பதற்றமின்றி எங்களுக்கு எடுத்துரைத்த மருத்துவருக்கு முதல் நன்றி. முதுகுத்தண்டிலிருந்து நீரை உறிஞ்சப்போகிறார்கள் என்று அஞ்சிக்கொண்டிருந்த என் அம்மாவிடம், நாற்றுப் பறிக்குமுன் நாற்றங்காலில் தண்ணீர் கட்டி வேரை இளக்குவதுபோல், இம்மருந்து குருத்தணுக்களை மஜ்ஜையிலிருந்து இளக்கி இரத்தத்துக்குக் கொண்டுவருகிறது என்று அவர் கூறிய பிறகே அம்மா கையொப்பமிட விட்டார்கள். மண்ணீரல் சற்று வீங்கக்கூடும் என்பதால் கனமான பொருளைத் தூக்கக் கூடாது, வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம் என்று அவர் தாளில் எழுதித் தந்ததை வீட்டில் அனைவரும் மனப்பாடம் செய்துவிட்டோம்.

முதல் சில ஊசிகளை எங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ள இசைவு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்து ஊசி போட்டு, காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்த்து, ஒவ்வொரு முறையும் வேலூருக்குத் தொலைபேசியில் தெரிவித்த செவிலியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இடுப்பும் நெஞ்செலும்பும் விண்விண்ணென்று தெறித்த இரவில், மஜ்ஜை உழைக்கும்போது எலும்பு வலிப்பது வழக்கம்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னதற்கு மாத்திரையைவிடப் பலன் இருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய குப்பிகளைப் பனிப்பெட்டியில் கொண்டுவந்து, உறையவும் விடாமல் சூடேறவும் விடாமல் ஒப்படைத்த மருந்துக்கடைத் தம்பிக்கும், காரணம் கேட்காமல் விடுப்பு அளித்த அலுவலக மேலாளருக்கும் என் நன்றி.

5ஆம் நாள் காலை என் வெள்ளணு எண்ணிக்கை 45,000-ஐத் தாண்டியிருந்தது. வழக்கமாக அது 11,000-க்குள் இருக்கும். ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, குருத்தணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை மறுகையில் திருப்பிச் செலுத்தும் அபெரிசிஸ் கருவியின் அருகில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நகராமல் அமர்ந்திருந்த தொழில்நுட்பர்களை நான் மறக்கமாட்டேன். இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைக் கட்டிவிடுவதால் உதடு மரத்துப்போகும். நான் சொல்லும் முன்பே என் முகத்தைப் பார்த்துக் கால்சியம் கொடுத்தார்கள். பெறுபவரின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சி.டி. 34 அணுக்கள் (அந்த அடையாளத்தைக் கொண்டு எண்ணப்படும் குருத்தணுக்கள்) வேண்டும், 50 லட்சம் கிடைத்தால் நல்லது என்றிருந்த நிலையில், ஒரே அமர்வில் அந்த 50 லட்சமும் கிடைத்தது.

புதிய அணுக்கள் நிலைகொள்ளும்வரை தம்பிக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) அளித்தவர்கள் பலரை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. ஐந்து நாள்களுக்குமேல் சேமித்துவைக்க இயலாத அந்தத் தட்டணுவுக்காக, அழைத்தவுடன் வேலையை விட்டு வந்த அவர்களிடம் இம்மடலைச் சேர்ப்பிக்குமாறு குருதி வங்கியினரைக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி இப்போது வாரம் ஒருமுறை பரிசோதனைக்குச் சென்று வருகிறான்.

நன்றியுடன்,
நோயாளியின் அக்கா